ஆள் தெரியலைன்னா யாரை மன்னிச்சேன்?

320 என்ற எண்ணை என் தலைமுறை வக்கீல்கள் இரண்டு தடவை மனப்பாடம் செய்திருக்கிறோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு எது கொடுங்காயம் என்று எட்டு வகையாகப் பிரித்துச் சொன்னது. கண் பார்வை போவது, காது கேளாமல் போவது, உறுப்பு துண்டாவது, எலும்பு முறிவது, பல் விழுவது என்று ஒன்றுவிடாமல் அடுக்கியிருப்பார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு வேறு காரியம் செய்தது. எந்தெந்தக் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவரே சமாதானமாகி முடித்துக்கொள்ளலாம் என்று அது அட்டவணை போட்டது. ஒன்று காயத்தை எண்ணுகிறது, மற்றொன்று மன்னிக்கக் கூடியதை எண்ணுகிறது. இரண்டுக்கும் ஒரே எண் விழுந்தது தற்செயல்தான். ஆனாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு வழக்கு எனக்கு இருந்தது.

அண்ணன் கையைத் தம்பி முறுக்கி எலும்பை உடைத்தால் அது அப்போதைய தண்டனைச் சட்டத்தில் 325. நீதிமன்ற அனுமதியோடு சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். அதே அண்ணன் விரலை அரிவாளால் வெட்டினால் அது 326. ஆயுள் வரை தண்டனை போகலாம், அட்டவணையில் இடமில்லை. காயம்பட்டவர் நடுவர் முன்னால் வந்து மன்றாடினாலும் வழக்கு முடியாது. வெட்டு அரசுக்கு எதிரான குற்றம், வெட்டுப்பட்டவர் அதற்கு ஒரு சாட்சி. சட்டத்தின் கணக்கு அவ்வளவுதான்.

கதவு இல்லாத வீட்டில் ஜன்னல் வழியாக ஏறுவார்கள். எங்கள் நீதிமன்றங்களில் அந்த ஜன்னலுக்குப் பிறழ் சாட்சி என்று பெயர். வெட்டுப்பட்டவர் கூண்டில் ஏறி, "இருட்டாக இருந்தது, வெட்டியது யாரென்று தெரியாது" என்பார். அரசு உதவி வழக்கறிஞர் (ஏ.பி.பி.) எழுந்து சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்பார். சாட்சியச் சட்டப்படி (அப்போது 154ஆம் பிரிவு) அனுமதி வாங்கி, "போலீசில் இப்படிச் சொன்னீர்களா" என்று நாலு கேள்வி கேட்பார். "சொல்லவில்லை", "தவறு" என்று பதில் வரும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தீர்ப்பில் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. (நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவர் எப்போதும் எதிரிதான், சொந்தத் தம்பியாக இருந்தாலும்.) நடப்பது என்னவென்று நடுவருக்குத் தெரியும், ஏ.பி.பி.க்குத் தெரியும், வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். நம் ஊர்க் குடும்பங்களில் வெட்டுக்குத்துக்குப் பிறகு வரும் மன்னிப்புகளில் பெரும்பகுதி இப்படி ஒரு பொய்யின் மேல்தான் நடந்தேறுகிறது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொண்டதில்லை, அந்த வாத்தியார் கூண்டில் ஏறும் வரை.

இனி நான் சொல்வது திறந்த நீதிமன்றத்தில் பதிவானது, அல்லது வழக்கு முடிந்த பிறகு சம்பந்தப்பட்டவர்கள் சொல்லச் சம்மதித்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். முதலூருக்கும் உடன்குடிக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டு ஓரம் என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மண்ணின் நிறம் கண்ணில் வந்துவிடும். 1799இல் முதலூர் உண்டானதிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் வாழும் பகுதி. நான் கிறிஸ்தவன் அல்லன். சைவக் குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வேதபாட வகுப்பில் மனப்பாடம் செய்த கதைகள் திருவாசகத்தோடு பக்கத்துப் பக்கத்தில் எனக்குள் கிடக்கின்றன.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் மிஷன் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தம்பிக்குக் கருப்பட்டி வியாபாரம். அப்பா இறந்த பிறகு பனைவிளையைப் பாகம் பிரித்தார்கள். பத்திரத்தில் நான்கு மாலும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. தரையில் எல்லைக்கல் மட்டும் பத்திரம் சொன்ன இடத்தில் இல்லை. நடுவில் ஒரு வரிசைப் பனை யாருக்கு என்பதில் தொடங்கி, வேலி போட்டு, வேலியைப் பிடுங்கி, 2006இல் ஒரு சாயங்காலம் தம்பி அரிவாளை வீசினார். அண்ணன் இடது கையைத் தூக்கித் தடுத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

அரசு மருத்துவமனைப் படுக்கையில் வைத்து வாத்தியாரிடம் போலீஸ் புகார் வாங்கியது. தம்பி முதல் எதிரி. தம்பி மகன் இரண்டாம் எதிரி, பெரியப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டதாக. 326, கூடவே சேர்ந்து செய்ததற்காக 34. "இத்தோடு ஒழிந்து போ" என்று கத்திக்கொண்டே வெட்டியதாகக் கொலைமிரட்டலுக்கு 506(2). இந்தக் கடைசி வசனம் எல்லா முதல் தகவல் அறிக்கையிலும் இருக்கும். தமிழ்நாட்டில் பேசாமல் வெட்டியவன் ஒருவன்கூட இல்லை என்று நம்பிவிடலாம் போலிருக்கும்.

நான் எதிரிகள் தரப்பு. தம்பிக்காரர் என் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார். "ஐயா, நான் ரெண்டு விரலை வெட்டினேன். அவன் எம் பிள்ளை தலையெழுத்தையே வெட்டிட்டான். பையன் அன்னைக்கு ஊர்லயே இல்ல, ஐயா." எல்லா எதிரியும் மகனைப் பற்றி இப்படித்தான் சொல்வார். நாங்கள் குறித்துக்கொள்வோம், அவ்வளவுதான். பையனுக்கு அப்போது இருபது வயது. காவலர் தேர்வில் ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தாண்டியவனைப் பின்புல விசாரணையில் நிறுத்திவிட்டார்கள். வழக்கு இருக்கிறது என்பது காரணம். பொதுமக்களுக்கு அதிகம் தெரியாத ஒரு விஷயம் இதில் உண்டு. போலீஸ் வேலைக்கான விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர் விடுதலையானதாகவே கணக்கில்லை. வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றே கொள்வார்கள். அதனால் சாட்சி பிறழ்ந்தால் அப்பாவுக்கு விடுதலை, பையனுக்கு அரை விடுதலை. பிறழ் சாட்சி என்ற ஜன்னலில் அவன் உடம்பு நுழையாது.

மூன்று வருடம் ஓடியது. இதற்குள் வாத்தியார் தம்பியை மன்னித்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. உண்மைதான். அது எப்படி நடந்தது என்று பின்னாளில் அவரே எனக்குச் சொன்னார். உருக்கமாக எதையாவது எதிர்பார்த்த எனக்கு அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மத்தேயு சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் ஓர் ஊழியக்காரன் கதை உண்டு. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன் வைத்தவன். ராஜா மன்னித்து விடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். வாத்தியார் சொன்ன கணக்கு இது. ஒரு வெள்ளிப்பணம் கூலிக்காரனுக்கு ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி. ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாமல் உழைத்தாலும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். அடைக்கவே முடியாத கடன்.

"இது எல்லா பிரசங்கத்துலயும் வரும், வக்கீலய்யா. மத்த நூறு வெள்ளிப்பணத்தை எல்லாரும் சில்லறைன்னு சொல்லிட்டுப் போயிருதாங்க. அது சில்லறை இல்ல. நூறு நாள் சம்பளம். மூணு மாசத்துக்கு மேல. ஒரு வாத்தியார் மூணு மாசம் சம்பளம் இல்லாம இருந்து பார்க்கட்டும், தெரியும். எனக்குக் கோபம் அடங்காம இருந்ததுக்கு அதான் காரணம். என் விரலைச் சில்லறைன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அண்ணன் தம்பிக்குள்ள நடந்தது, விட்ருங்கன்னாங்க. சில்லறை இல்லன்னு இயேசுவே கணக்குச் சொல்லியிருக்காருன்னு தெரிஞ்ச பெறவுதான் எனக்கு விட முடிஞ்சுது."

மன்னிப்பைப் பற்றி நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இழப்பைக் குறைத்துச் சொல்லச் சொல்லாத விளக்கம் இது ஒன்றுதான்.

விசாரணை நாள் 2009இல் வந்தது. வாத்தியார் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. காலையில் நீதிமன்ற வராந்தாவில் உறவுக்கூட்டம். தம்பிக்காரரின் மச்சினன்தான் பேச்சை ஆரம்பித்தார். "அத்தான், இருட்டுல ஆள் தெரியலைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஏ.பி.பி. சாரும் எதிர்பார்த்துதான் இருக்காரு." நான் தள்ளி நின்றேன். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் நான் பேசக் கூடாது, பேசவும் தேவையில்லை. இதெல்லாம் எங்களைக் கேட்டா நடக்கிறது?

வாத்தியார் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "ஆள் தெரியலைன்னா நான் யாரை மன்னிச்சேன், மாப்பிள்ள?"

ஒருவருக்கும் பதில் வரவில்லை. சேகரத்து ஐயரையும் கூட்டி வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் குருவானவரை இன்னும் ஐயர் என்றுதான் சொல்கிறார்கள். ஐயர் பெரியவர், பழைய காலத்து மனிதர். நீங்க சொன்னா கேப்பாரு என்று அவர் பக்கம் திரும்பினார்கள். அவர், "மன்னிக்கச் சொல்லி மூணு வருஷம் நான் சொன்னேன். மறைக்கச் சொல்லி எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார். பிறகு கிளாடிஸ் ஸ்டெயின்ஸைப் பற்றிச் சொன்னார். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தார்கள். தொழுநோயாளிகள் மத்தியில் வேலை செய்த குடும்பம். அந்த அம்மா கொன்றவர்களை மன்னித்தேன் என்று சொன்னார். "தீ தானா பிடிச்சுதுன்னு அந்த அம்மா சொல்லலையே" என்றார் ஐயர்.

சரியான பேச்சு. அந்த வழக்கு மன்னிப்போடு நின்றுவிடவில்லை. 2003இல் விசாரணை நீதிமன்றம் முக்கியக் குற்றவாளிக்குத் தூக்கு விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. மன்னிப்பு ஒரு பாதையில் போயிற்று, வழக்கு வேறு பாதையில் போயிற்று. ஒன்று மற்றொன்றை மறிக்கவில்லை.

மச்சினன் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். தம்பிக்காரர் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். அண்ணன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

சினிமாவில் காட்டுவதுபோலச் சாட்சி கையில் பைபிளோ கீதையோ கொடுப்பதில்லை. 1969ஆம் வருட ஆணையுறுதிச் சட்டப்படி, கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உள்ளார்ந்த உறுதி சொல்லலாம். கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கடவுள் பெயரால்தான் சொல்வார்கள். வாத்தியார் உறுதியே சொன்னார். ஆணையிடவே வேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது என்பது பள்ளிக்கூட நாளில் படித்தது, எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏ.பி.பி. 154க்குத் தயாராகத்தான் எழுந்தார். சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார், சலிப்போடு. வாத்தியார் வகுப்பில் கணக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தார். தேதி, நேரம், வெளிச்சம் எவ்வளவு, எங்கே நின்றார், தம்பி எந்தப் பக்கமிருந்து வந்தார், எந்தக் கையில் அரிவாள். "என் தம்பி வெட்டினான்." கையை உயர்த்திக் காட்டினார். ஏ.பி.பி. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வெட்டும்போது எதிரி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஒழிந்து போ என்று..."

"இல்ல. பேசாமத்தான் வெட்டினான்."

"இரண்டாம் எதிரி அப்போது என்ன செய்தார்?"

வாத்தியார் நடுவரைப் பார்த்தார். "அம்மா, அந்தப் பையன் அங்க இல்ல. அவன் ஊர்லயே இல்ல. நான் ஆஸ்பத்திரில கோபத்துல அவன் பேரையும் சேத்துச் சொன்னேன். தகப்பனும் மகனும் சேந்து உள்ள போகட்டும்னு சொன்னேன். அது பொய். போலீஸ் சொல்லித் தரலை, நானேதான் சொன்னேன்."

தட்டச்சு நின்றுவிட்டது. நடுவர் அம்மா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பொய்ப் புகார் கொடுத்தது தண்டனைக்குரிய குற்றம் என்று தெரியுமா என்றார். "தெரியும் அம்மா. அதுக்கு உண்டானதைக் குடுங்க" என்றார் வாத்தியார். ஏ.பி.பி. என் பக்கம் குனிந்து 211 என்று முணுமுணுத்தார். பிறழ் சாட்சிக்கு எங்களிடம் ஒரு நடைமுறை இருந்தது. இதற்கு இல்லை. சாட்சி அரசுத் தரப்பையும் கைவிடவில்லை, எதிரியையும் கைவிடவில்லை. முதல் எதிரிக்கு எதிராக அவர் சாட்சியத்தில் ஓட்டை கிடையாது. இரண்டாம் எதிரிக்கு அது முழு விடுதலை.

குறுக்கு விசாரணை என்றார் நடுவர். ஒன்றே ஒன்று கேட்டேன். "முதல் எதிரியை நீங்கள் மன்னித்துவிட்டீர்களா?" சம்பந்தமில்லாத கேள்வி என்று ஏ.பி.பி. ஆட்சேபித்தார். சட்டப்படி அவர் சொன்னது சரி. தண்டனை பற்றிப் பேசும்போது உதவும் என்றேன். நடுவர் அனுமதித்தார். "மன்னிச்சிட்டேன்" என்று பதிவாயிற்று. அதோடு உட்கார்ந்தேன். இதற்கு மேல் கேட்டால் கெடுத்துவிடுவோம் என்று தோன்றும் தருணங்கள் இந்தத் தொழிலில் உண்டு.

வெளியே வந்ததும் தம்பிக்காரர் என்னிடம் சீறினார். "மன்னிச்சேன்னு சொல்லிக்கிட்டே என்னை மாட்டி விட்டுட்டானே!" பையன் விடுபட்டதை அவர் சொல்லவே இல்லை. என் அனுபவத்தில் கட்சிக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு வருவதில்லை, விடுதலை கேட்டுத்தான் வருகிறார்கள். விடுதலை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று சீட்டு எழுதித் தருவது. மன்னிப்பு என்றால் நடந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். யார்தான் ஆசைப்படுவார்கள்? கோயிலில் வாராவாரம் பாவ அறிக்கை உண்டு. ஊரோடு சேர்ந்து, நாங்கள் பாவம் செய்தோம் என்று சொல்வது சிரமமில்லை. நூறு குரலில் ஒரு குரல் எங்கே கேட்கப் போகிறது? நான் வெட்டினேன் என்று ஒருமையில் சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த கட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆம் பிரிவு. சாட்சியத்தில் தனக்கு எதிராக வந்ததையெல்லாம் எதிரியிடம் நடுவர் கேள்வியாகக் கேட்பார். சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாவிட்டாலும், பொய்யே சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. எல்லோரும் "பொய், பொய், பொய் வழக்கு" என்று மூன்று வார்த்தையில் முடிப்பார்கள். தம்பிக்காரர் முந்தின நாள் இரவு வந்தார். தூங்கி நாளான முகம்.

நடந்தது இதுதான். அந்த வாரம் கோயிலில் திருவிருந்து. மூன்று வருடமாக அவர் பீடத்தண்டைக்குப் போவதில்லை. பையன் விஷயம் தெளிந்துவிட்டதே, இனிப் போகலாமா என்று ஐயரைக் கேட்டிருக்கிறார். ஐயரிடம் 1662ஆம் வருட ஆங்கில ஜெபப் புத்தகத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று உண்டு. அதில் திருவிருந்து ஒழுங்குக்கு முன்னால் ஒரு விதி இருக்கிறது. பிறகு ஐயர் எனக்கும் காட்டினார், வக்கீல் படிக்க வேண்டிய விதி. ஒருவருக்கொருவர் பகை கொண்டிருப்பவர்களை அவர்கள் சமாதானமாகும் வரை குருவானவர் பந்தியில் சேர்க்கக் கூடாது. ஆனால் ஒருவர் மனதார மன்னித்து, தான் செய்த தவறுக்கு ஈடும் செய்ய ஆயத்தமாக இருந்து, மற்றவர் மட்டும் பிடிவாதம் பிடித்தால், மனந்திரும்பியவரைச் சேர்க்க வேண்டும், பிடிவாதக்காரரைச் சேர்க்கக் கூடாது. எதிர்த்தரப்பு ஒத்துழைக்காவிட்டால் என்ன என்ற கேள்வியை யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள். நம் சட்டமன்றங்களில் பல நேரம் இந்த அளவு யோசனை நடப்பதில்லை.

ஐயர் தம்பிக்காரரிடம் சொன்னது: "நீ கோர்ட்டுல என்ன சொல்லுதன்னு நான் கேக்க மாட்டேன். அது உனக்கும் வக்கீலுக்கும் உள்ளது. அண்ணன்கிட்ட என்ன சொன்ன?" ஒன்றும் சொன்னதில்லை. மூன்று வருடத்தில் ஒரு சொல்கூட இல்லை.

"313ல நான் என்ன சொல்லணும் ஐயா?" என்றார் என்னிடம். சட்டம் சொன்னேன். உண்மை என்றால் தண்டனை நிச்சயம், மறுத்தாலும் இந்தச் சாட்சியத்துக்குப் பிறகு பெரிய வித்தியாசம் இல்லை, மௌனமாகவும் இருக்கலாம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் நடுவர் வாசித்தார். அ.சா.1 இப்படிச் சொல்கிறார், என்ன சொல்கிறீர்கள்? "உண்மை." இந்த அரிவாள்? "என்னதுதான்." காயச் சான்றிதழ்? "உண்மை." புலன் விசாரணை அதிகாரியின் சாட்சியத்தில் கொலைமிரட்டல் வசனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் தம்பிக்காரர் நிமிர்ந்தார். "அது பொய் அம்மா. அண்ணன் சொன்னாம்லா, நான் பேசவே இல்ல." அண்ணன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதுவரை எல்லாம் 'அவன்', 'அந்த ஆள்'தான்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. நீதிமன்றத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவர் திரும்பி, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "தப்புதான். மன்னிச்சிரு." நடுவர் அதை எப்படிப் பதிவு செய்வது என்று யோசித்து, 'தவறு செய்துவிட்டதாகக் கூறினார்' என்று எழுத வைத்தார்.

தீர்ப்பு. இரண்டாம் எதிரி சம்பவ இடத்தில் இல்லை என்று தெளிவாக எழுதி விடுதலை. சந்தேகத்தின் பலன் என்ற சொல்லே அதில் இல்லை. முதல் எதிரிக்கு 506(2)இல் விடுதலை, 326இல் ஒரு வருடம். மேல்முறையீட்டில் ராம் பூஜன் வழக்கை வைத்தேன். 1973இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சமாதானத்துக்கு இடமில்லாத குற்றமானாலும், தரப்பினர் சமாதானமானதைத் தண்டனையின் அளவில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். செஷன்ஸ் நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் ரிமாண்டில் இருந்த நாட்களே போதும் என்று குறைத்தார். இழப்பீடு கொடுக்க எதிரியே முன்வந்ததையும் பதிவு செய்தார். வாத்தியார்மேல் பொய்ப் புகார் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

(2012இல் கியான் சிங் வழக்குக்குப் பிறகு, இப்படிப்பட்ட சில வழக்குகளை உயர் நீதிமன்றமே ரத்து செய்யும் வழி திறந்தது. ஆனால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது ஒரு வருடம் சிறை என்று போட்டுவிட்டார்கள். இன்று அதே செஷன்ஸ் நீதிபதி அதே தீர்ப்பை எழுத முடியாது. எனக்கு இது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவைக்கிறேன்.)

இழப்பீட்டில் ஒரு சிக்கல் வந்தது. வாத்தியார் வாங்க மாட்டேன் என்றார். மன்னித்த பிறகு காசு எதற்கு? ஐயர்தான் சகேயுவை இழுத்தார். வரி வசூலிக்கிற அந்தக் குள்ள மனிதன் இயேசுவை வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இயேசு வேண்டாம் என்று தடுக்கவில்லை. எனக்கு வேறொன்று தோன்றியது. பவுல் பிலேமோனுக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியது. அவனால் உனக்கு நஷ்டமிருந்தால் என் கணக்கில் வை, நானே தருகிறேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். வக்கீல் கண்ணுக்கு அது ஜாமீன் பத்திரம். நஷ்டமே இல்லை என்று பவுல் வாதாடவில்லை. வாத்தியார் பணத்தை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது முகம் சுருங்கியது. மன்னிப்பதைவிட இது அவருக்குக் கஷ்டமாக இருந்ததென்று நினைக்கிறேன்.

ஏன் அந்த ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னீர்கள் என்று பின்னாளில் ஒருநாள் அவரைக் கேட்டேன். பையன் இல்லை என்பதை வேறு சாட்சி வழியாகக்கூடக் காட்டியிருக்கலாமே?

"கர்த்தருடைய ஜெபத்துல மன்னிப்புக் கேக்குற வரி வரும்போது நான் ரெண்டு வருஷம் வாயை மூடிக்கிடுவேன், வக்கீலய்யா. தம்பியை மன்னிக்கலையே, பொய்யாச் சொல்லக் கூடாதுல்லா. பெறவு மன்னிச்சிட்டேன். அதுக்குப் பெறவும் அந்த வரி வாய்ல வரலை. ஏன்னு புரியலை. அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் முன்பாதியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். எங்களுக்கு மன்னியும்னு பின்பாதியும் இருக்கு. அதுக்குள்ள அந்தப் பையன் நிக்கான்."

தம்பி வீட்டுக்குப் போய்ப் பையனைப் பார்க்கக் கேட்டிருக்கிறார். அவன் உள்ளேயிருந்து வரவில்லை. வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "கேட்டுட்டேன். குடுன்னு கேக்க முடியாதுல்லா" என்றார். அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், குறைவாக. அந்த வரிசைப் பனையைச் சர்வேயர் வந்து அளந்தபோது பாதி பாதியாக விழுந்தது. இவ்வளவுக்கும் காரணமான மரங்களில் ஏறப் பனையேறி கிடைக்காமல் இரண்டு பேரும் திண்டாடுகிறார்கள்.

பையன் ஒருநாள் என்னிடம் வந்தான். காவலர் தேர்வுக்கு வயது இன்னும் இருந்தது, மறுபடி விண்ணப்பிக்கத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். பெரியப்பாவிடம் பேசினாயா என்றேன். "பார்க்கலாம் சார்" என்றான், பேச்சை வளர்க்க விரும்பாத குரலில். பிறகு கேட்டான்: "சார், என்னை விடுதலை பண்ணின பக்கம் மட்டும் வாங்க முடியுமா? பெரியப்பா சாட்சி சொன்னதெல்லாம் எனக்கு வேண்டாம்."

தீர்ப்பைப் பக்கம் பக்கமாகத் தர மாட்டார்கள் தம்பி, முழுசாகத்தான் வாங்க வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எத்தனை பக்கம், நகலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டான். குமாஸ்தாவைக் கூப்பிட்டு மனு போடச் சொன்னேன்.